கதிரையில் நித்திரை

3 ஒக்டோபர் 2025
இன்றும் கதிரையில் சாய்ந்து இருந்தபடியேதான் விடிந்தது. கட்டிலில் படுத்தால் புளிப்பு தொண்டைவரை ஏறுகிறது. இருமல் தொடங்கினால் மனைவி நாகேஸ்வரிக்கும் நித்திரை இல்லை. டொக்டர் தந்த குளிசைக்கும் இப்போது அது கேட்பதில்லை. ரூ லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடையில் சமையல் என் வேலை; எல்லாக் கறியையும் ருசி பார்ப்பது நான்தான். வீட்டில் கதிரை, கடையில் அடுப்பு. இடையில் மெட்ரோ, அதிலும் நிற்கத்தான் இடம்.

8 ஒக்டோபர்
ஆஸ்பத்திரியில் டொக்டரைக் கண்டேன். வெட்டே இல்லையாம். மயக்கிவிட்டு, வாயால் குழாய் விட்டு, இரைப்பையின் மேல்வாயை மடித்து இறுக்கிவிடுவார்களாம். 24ஆம் தேதி வெறுவயிற்றோடு வரட்டாம். பிறகு சில கிழமை பாரம் தூக்கக் கூடாது. கடை முதலாளி தவரத்தினம் முகத்தைச் சுளித்துக்கொண்டு லீவு தந்தார்.
இனி நானும் படுத்து உறங்குவேன்.

24 ஒக்டோபர்
கந்தசட்டி விரதம். விடியவே நாகேஸ்வரி பால் காய்ச்சித் தந்தாள். "பால் விரதத்தை முறிக்காது, குடியுங்கோ." குடித்தேன்.
ஆஸ்பத்திரியில் தாதி ஜிஸ்லேன், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, விரதம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. குடித்தீர்களா? பால் மட்டும்.
ஊசியைத் திரும்ப வைத்துவிட்டாள். மயக்கத்தில் அந்தப் பால் நுரையீரலுக்குள் போகலாமாம். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.
பாலை ஆர் சாப்பாடெண்டு நினைச்சது? நாகேஸ்வரியை ஏசவும் ஏலாது, குடிச்ச வாய் என்ர.

25 ஒக்டோபர்
கதிரை.

2 நவம்பர்
புதிய தேதி ஜனவரி 9. முதலாளியிடம் திரும்பவும் லீவு கேட்டேன்.
"அண்ணை, நீங்கள் இல்லாட்டிக் கடை ஓடாது. சித்திரைக்குப் பாப்பம்."
புகழ்கிறாரா, கட்டிப் போடுகிறாரா? சித்திரை மட்டும் இந்தக் கதிரையிலா— ஏலாது.
"அண்டைக்கு நான் வரமாட்டன். வேறை ஆளை வைக்கிறதெண்டால் வையுங்கோ" என்றேன். போய்ச் சொதியில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

9 ஜனவரி 2026
தண்ணீரும் இல்லை. நாகேஸ்வரி நேற்றே பால் போத்தலை எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

15 ஜனவரி
குழாய் போன தொண்டை இன்னும் நோகிறது. பொங்கலைத் தண்ணியாக அடித்து, வடித்துத் தந்தாள். முதலாளி இன்னும் போன் எடுக்கவில்லை. வேலை இருக்கிறதோ தெரியாது.

23 ஜனவரி
நேற்றிரவுதான் கட்டிலில் படுத்தேன். கண் விழித்தபோது வெளிச்சம். இருமலும் இல்லை, புளிப்பும் இல்லை. பக்கத்தில் அவளையும் காணவில்லை.
கட்டிலுக்கு எதிரே, என் கதிரையில், போர்வையோடு இருந்தாள்.
"ஏன் இஞ்சை வந்தனீர்?"
"உங்கடை இருமல் கேக்கேல்லை. பயந்துபோனன். மூச்சு வருதோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."
கதிரையை வெளியே போட்டுவிடலாம் என்றேன். இன்னும் ஒரு கிழமை கிடக்கட்டும் என்றாள்.