பாஸ்கர் விற்ற செத்த பொடி

எர்ணாவூர்
ஆடி மூன்றாம் வெள்ளி

அன்பு மகன் நிதிஷுக்கு அம்மா எழுதுவது. வடிவுடையம்மன் தயவில் நானும் உன் நைனாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட் வெயிலில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று விளக்கேற்றி வருகிறேன். நைனாவுக்கு முட்டிவலிதான், வேறொன்றுமில்லை. தீவனக் கடை பாஸ்கர் என் தோஸ்து, வுட்டுரும்மா என்று நீ போனில் சொன்னாய், அதற்குப் பதிலைத்தான் எழுதுகிறேன்.

நாம் வளர்க்கிற மீனுக்கு வயிறு நல்லபடி இருக்கவும் தொட்டித் தண்ணீர் கெடாமலிருக்கவும்தான் அந்த நல்ல கிருமிப் பொடியைத் தீவனத்தில் கலக்கிறோம். போன முறை பொன்னேரியில் வாங்கிக் கலந்தேன், நோட்டில் எழுதியிருக்கிறேன், தொண்ணூறு நாளில் ஏழே மீன்தான் செத்தது. இந்த முறை உன் பேச்சைக் கேட்டு பாஸ்கரிடம் வாங்கினோம், அதே கை, அதே வெல்லத் தண்ணீர், அதே நிழலில் உலர்த்தல். இருபது நாளில் உடம்பெல்லாம் சிவப்புப் புண், முந்நூற்றுப் பன்னிரண்டு செத்தது. கேட்கப் போனால் மகளிர் குழுப் பெண்கள் அத்தனை பேர் எதிரிலும், "அடுப்பாண்ட நிக்கிற கைக்கு இன்னா தெரியும் யக்கோவ், கொதிக்கிற கஞ்சில பொடியக் கலக்கிக் கொன்னுட்டுகீறே" என்கிறான். முப்பது வருஷமாக இட்லி மாவு புளிக்க வைக்கிற எனக்கு, எந்தச் சூட்டில் எது சாகும் என்று தெரியாதா?

கோயிலில் கூழ் ஊற்றிய அன்று பதில் சொன்னேன். அவன் பாக்கெட் ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். காலையிலேயே எல்லோர் கண்ணெதிரிலும் அதை ஒரு பாட்டிலிலும் பொன்னேரிப் பொடியை இன்னொன்றிலும் போட்டு, வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீர் ஊற்றி, பாட்டில் வாயில் பலூன் கட்டினேன். உயிரிருந்தால் பொங்கிக் காற்று வரும். மதியத்துக்குள் பொன்னேரி பலூன் நிமிர்ந்து நின்றது, அவனுடையது துவண்டு தொங்கியது. எங்கள் குழுக் கோவிந்தம்மா, கூழுக்கு வந்திருந்த அவனைக் கூப்பிட்டு, "இன்னா பாஸ்கரு, உன் பலூனு மட்டும் ஆடி வெரதமா கீது?" என்றாள், கூழ் வாங்க வந்த கூட்டமே சிரித்தது. பாக்கெட்டில் ஒட்டிய தேதிச் சீட்டை நகத்தால் உரித்தேன், அடியில் இரண்டு வருஷத்துக்கு முன்பே காலாவதியான தேதி.

சாயங்காலமே பாஸ்கர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து காலில் விழுந்தான். நைனா மனமிரங்கி, போனது போகட்டும் பூவு என்றார். அம்மன் மன்னித்தால் மன்னிக்கட்டும், அது அவள் வேலை. தொட்டியில் இறங்கிச் செத்ததை அள்ளியது என் கை.

பணம் நீ கட்டி, பில் உன் பெயரில் இருப்பதால் நுகர்வோர் கோர்ட்டு மனுவும் உன் பெயரில்தான் போக வேண்டுமாம். இத்துடன் வைத்திருக்கிறேன், பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. தண்டையார்பேட்டையில் புதுக் கடை திறக்கிறானாம், அதில் அவன் ஒரு மூட்டைத் தவிடுகூட விற்கக்கூடாது.

வேளைக்குச் சாப்பிடு, மோர் நிறையக் குடி. அம்மன் உன்னை நூறு வயசு வைத்திருப்பாள். கையெழுத்துப் போடுவதை பாஸ்கருக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம், முதலில் அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டே போடு. தபால் வந்து சேரும்வரை ஒவ்வொரு நாளும் அவன் எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

உன் அம்மா
எ. பூவம்மா