வேகத்தை ஒளித்து வைத்தவளுக்கு

இன்று காலை என் கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை. மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நீலத் திரையோடு நின்றுவிட்டது. உன் மேசையில் உட்கார்ந்து வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த மேசைக்கு இன்னும் ஆள் போடவில்லை, போடவும் மாட்டார்கள். தூசியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். கல்லூரி முகவரியை ஒட்டலாம் என்று, கை போன போக்கில் விண்டோஸ் கீயையும் வி எழுத்தையும் சேர்த்து அழுத்தினேன். நீ ஊசி குத்தி நிறுத்தி வைத்திருந்த ஆறு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

காப்பி பண்ணியதெல்லாம் அந்தப் பட்டியலில் வந்து சேரும், ஊசி குத்திய வரி மட்டும் கம்ப்யூட்டரை அணைத்தாலும் போகாது என்று சொல்லிக் கொடுத்தவளே நீதான். கல்லூரி முகவரி, முதல்வர் பெயரும் அவருடைய நீள வால் பட்டங்களும், 'இவர் எங்கள் கல்லூரியில் பயிலும் மாணவர் என்று சான்றளிக்கப்படுகிறது' என்கிற வரி, இன்னும் இரண்டு ஆபீஸ் வரிகள். ஆறாவது, உன் அம்மாவின் சர்க்கரை மாத்திரை பெயர். மருந்துக்கடைக்கு மாதா மாதம் அனுப்புவாயே, அது.

நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. பக்கத்து நாற்காலிக்காரிக்கு எவள் கடிதம் எழுதுவாள்? இப்போது ஆபீஸ் நேரத்திலேயே எழுதுகிறேன். இன்று எனக்கு அவசரமே இல்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நாம் மூன்று பேர் இருந்தோம் அந்த அறையில். நீ, நான், அட்மிஷன் மேசையில் தேவகி அக்கா. அவரவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே மூவரின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் வாங்கி, பழுப்பு கவரில் பெயர் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். "பத்திரமா இருக்கும்மா" என்றார் ஏ.ஓ. சார். நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான். பத்திரமாகத்தான் இருக்கிறது. நாமும் அதோடு பத்திரமாக இருந்தோம்.

ஒரு மாதம் நான் மவுஸைப் பிடித்து உருட்டி உருட்டி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் தாங்கமுடியாமல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாய். "இன்னாடி இது, அம்மியில மாவு அரைக்கிற மாதிரி. இங்க குடு." எக்ஸெல்லில் மேல் கட்டத்தில் இருப்பதைக் கீழே நூறு கட்டத்துக்கும் இறக்க கண்ட்ரோலும் D எழுத்தும். இன்றைய தேதி வேண்டுமென்றால் கண்ட்ரோலும் அரைப்புள்ளியும். கடைசியாக என்ன செய்தோமோ அதையே திரும்பச் செய்ய எஃப் நான்கு. இன்டர்நெட்டில் தவறிப்போய் மூடிய பக்கத்தை மீட்க கண்ட்ரோல், ஷிஃப்ட், T. நீ சொல்லச் சொல்ல நான் கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அரிசி களையும்போது பாதி அழிந்துவிட்டது.

அதோடு இன்னொன்றும் சொன்னாய். அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. ஏ.ஓ. சாரின் செண்ட் வாசனை வராந்தாவில் வந்ததும் கீபோர்டை விட்டு மவுஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டு மெதுவாக நகர்த்த வேண்டும். "மவுஸ் ஆடுச்சுன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம் அவருக்கு. முடிச்சிட்டு உட்கார்ந்திருந்தா, வேலையே கம்மின்னு நெனைப்பாரு." பதினொரு மணிக்கு முடித்த வேலையை நீ சாயங்காலம் வரை பிரித்துப் பிரித்து அனுப்புவாய். சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம், டீக்கு முன் கொஞ்சம். நடுவில் கிடைத்த நேரத்தில் எக்ஸெல் கட்டங்களை நிறம் நிறமாய் நிரப்பிக் கோலம் போடுவாய். ஒரு கட்டத்துக்கு மஞ்சள், பிறகு எஃப் நான்கு, எஃப் நான்கு, எஃப் நான்கு. ஆள் வந்தால் ஆல்ட்–டேப். கோலம் மறைந்து கட்டணப் பட்டியல் வந்துவிடும். மார்கழி முழுக்க தினம் ஒன்று போட்டாய். உன் வீட்டு வாசலில்கூட அத்தனை அக்கறையாய்ப் போட்டிருக்க மாட்டாய்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. எனக்கு ஒன்று தெரிந்தால் நாலு பேருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின வாரம், அறுநூறு மாணவர்களுக்கும் பெயர் பெயராகச் சான்றுக் கடிதம் வேண்டும் என்று ஏ.ஓ. சார் வந்து நின்றார். மூன்று பேருக்கும் மூன்று நாள் ஆகும் என்பது அவர் கணக்கு. எக்ஸெல் பட்டியலை வேர்டு கடிதத்தோடு கோத்துவிட்டால் அத்தனை பெயரும் தானாகப் போய் உட்காரும். மெயில் மெர்ஜ் என்று நீ கற்றுக்கொடுத்தது. நீ மேசைக்கடியில் என் காலை மிதித்தாய். மிதித்ததற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கண் எதிரிலேயே செய்து காட்டினேன். பிரிண்டர் அறுநூறையும் ஒன்றுவிடாமல் துப்பியது.

"யாரும்மா கண்டுபிடிச்சது இதை?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.

அவருக்கு உச்சி குளிர்ந்து போனது. எனக்கும்தான். அடுத்த மாதம் முதல் தேதி தேவகி அக்காவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வேலையில் பாதி உன் தலையில், பாதி என் தலையில்.

அன்றைக்குப் பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்குள் விடவில்லை. வெளியில் போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நீயும் நானும் நடந்தோம். நானே வாயைத் திறந்து, உன் பெயரைச் சொல்லாததற்கு மன்னிப்பு கேட்டேன். சுண்டல் வாங்கி எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டினாய். "பேரு உன்னோடதாவே இருந்துட்டுப் போவுது. அது எனக்கு எதுக்கு? ஆனா நீ அவருக்கு இன்னா காட்டினன்னு தெரியுதா? நம்ம மூணு பேர்ல ஒருத்தி ஜாஸ்தின்னு காட்டிட்ட." திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சுண்டலைப் பொட்டலம் பிரிக்காமல் வீட்டுக்கே கொண்டுபோனேன்.

பிறகு ஒரு புரட்டாசியில் காய்ச்சல் என்று லீவு போட்டாய். வாட்ஸப்பில், 'திங்கட்கிழமை வந்துடுவேன், ரிப்போர்ட்டைத் தொடாத, நான் பாத்துக்கறேன்' என்று அனுப்பினாய். ஒன்பதாம் நாள் உன் அண்ணன் போன் பண்ணினார். நான் அன்றைக்கு ஆபீசில் என்ன செய்தேன் என்று எனக்கு இப்போதும் நினைவில்லை. உன் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரை யாரும்மா சொல்லி அனுப்புவாங்க" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள் உன் அண்ணன் உன் சர்டிபிகேட்டுகளைக் கேட்டு வந்தார். நான்கூட அவரைப் பத்து நடை நடக்கவிடுவார்கள் என்று நினைத்தேன். ஏ.ஓ. சார் எழுந்து நின்று பேசினார். பீரோ சாவியை என்னிடமே கொடுத்து, எடுத்துவரச் சொன்னார். உன் கவரை எடுத்தேன். அடியில் என் கவர் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம், என் பொருள்தானே. கை வரவில்லை. பூட்டிவிட்டு, சாவியைப் பயபக்தியோடு திருப்பிக் கொடுத்தேன். என்னைப் போல ஒருத்தியைக் கட்டிப்போட இவர்களுக்குப் பீரோவே தேவையில்லை. நீ இருந்திருந்தால் தலையிலடித்துக்கொண்டிருப்பாய்.

இப்போது எனக்கு அந்தக் கவர் வேண்டும். என் வீட்டுக்காரர் ஓசூருக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது, உனக்கே தெரியும். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறார். அங்கே ஒரு ஆஸ்பத்திரி ஆபீசில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினலைக் காட்டிச் சேர வேண்டும். ஒரு மாதமாக ஏ.ஓ. சாரிடம் நடக்கிறேன். ரிசல்ட் வரட்டும் என்றார், அட்மிஷன் முடியட்டும் என்றார். போன வாரம் அழாத குறையாக நின்றதும் மனம் இறங்கியவர் போல, "உன்ன மாதிரி வேகமா செய்யற ஆள் ஒண்ணு கொண்டாந்து விடு, அன்னிக்கே கவரைத் தூக்கினு போ" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்துகொண்டிருக்கும்போது அவளை யார் விடுவார்கள்? நீ கொடுத்த வேகத்தைக் கயிறாகத் திரித்து நானே என் காலில் கட்டிக்கொண்டேன்.

வேண்டுமென்றே மெதுவாகச் செய்தும் பார்த்தேன். முடியவில்லை. மனசு மவுஸைப் பிடி என்கிறது. அதற்குள் விரல் கண்ட்ரோலை அழுத்திவிடுகிறது. சிரிக்காதே.

நேற்று ஞாயிற்றுக்கிழமை தேவகி அக்காவைத் தேடிப் போனேன். ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கவுண்டரில் இருக்கிறார். வெள்ளைக்காரர் ஒருவருக்கு ஆட்டோ பேசி அனுப்பிவிட்டு வந்தார். எத்தனை நாளாகச் சொல்ல நினைத்தேனோ அதையெல்லாம் சொன்னேன்: அவர் வேலை போனது என்னால்தான், இப்போது என் இடத்துக்கு அவரே வரலாம், மூன்றே நாளில் எல்லாக் குறுக்குவழியும் நானே சொல்லிக் கொடுக்கிறேன். என் பாவமும் தீரும், அவருக்கும் வேலை திரும்பும், எனக்கும் கவர் வரும் என்று போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அக்கா என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். "கோச்சிக்காதம்மா. திரும்ப வந்தா மறுபடியும் ஒரிஜினலைக் கேப்பாங்க இல்ல? துரத்தினதுல எனக்கு நடந்த ஒரே நல்லது, அன்னிக்குச் சாயங்காலமே கவரைக் கையில குடுத்துட்டாங்க. அதை வச்சுத்தான் இங்க சேந்தேன். இங்க பாத்துட்டு அப்பவே திருப்பிக் குடுத்துட்டாங்க." டம்ளரை எடுத்துக்கொண்டே, "வேற யாரையும் அதுக்குள்ள தள்ளிடாதம்மா" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பீரோவிலிருந்து இரண்டே கவர்கள் தகராறு இல்லாமல் வெளியே வந்திருக்கின்றன. ஒன்று துரத்தப்பட்டவளுடையது. மற்றது உன்னுடையது.

இன்று பதினொரு மணிக்கு ஏ.ஓ. சார் வந்தார். கையில் முதலாமாண்டு மாணவர் பட்டியல். "எல்லாம் ஒரே லெட்டர்தாம்மா. அன்னிக்குப் பண்ணியே, அந்த மாதிரி தட்டிவிடு. நாளன்னிக்குத்தான் வேணும், ஆனா நீ இன்னிக்கே முடிச்சிடுவியே."

"எனக்கு அது தெரியாதுங்க சார்" என்றேன்.

அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். "இன்னாம்மா? நீதானே கண்டுபிடிச்ச?"

"இல்லீங்க சார். இந்தச் சீட்டுல இருந்தாங்களே, அவங்க கண்டுபிடிச்சது. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன். அவங்க இருந்தவரைக்கும் கேட்டுக் கேட்டுப் பண்ணேன். இப்ப கேக்க ஆளில்ல." உன் பெயரையும் சொன்னேன், முழுப் பெயரை, இனிஷியலோடு. அதில் எது பொய், எது நிஜம் என்று சொல்லும்போதே எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அவர் பட்டியலை மேசையில் வைத்தார். திரும்ப எடுத்தார். "அப்ப நீ இன்னாத்துக்கு?" என்றார்.

நேற்றிலிருந்து அந்த மனிதர் வாயிலிருந்து வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்தக் கேள்விதான். வந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எட்டு வருடம் உழைத்த இடம். அவர் பதிலுக்கு நிற்கவில்லை, பட்டியலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது மணி மூன்று. ஒவ்வொரு பெயராக அடித்து ஒன்பது கடிதம் முடித்திருக்கிறேன். இப்படி மெதுவாக இருப்பது இத்தனை கஷ்டம் என்று நீ சொல்லவே இல்லையே. அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்புவாரா, இல்லை நாளைக்கே மனசு மாறி, பரவாயில்லை நீயே மெதுவாகச் செய் என்று விட்டுவிடுவாரா, எனக்குத் தெரியாது. இரண்டாவதுதான் நடக்கும் என்று பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது.

ஒருவேளை ஓசூருக்குப் போக முடிந்தால், முதல் நாள் அங்கேயும் கேட்பார்கள், கம்ப்யூட்டர் தெரியுமா என்று. கொஞ்சம் தெரியும் என்று சொல்வேன். அந்தக் கொஞ்சத்துக்குள் நீ பத்திரமாக இருப்பாய்.