நீ காது, நான் கண்

என் காதாக இருந்த தினா மச்சானுக்கு,

டேய், இன்றைக்கு நான் கேட்டேன்டா! முழுசாகக் கேட்டேன். லண்டன்காரர் போனில் இங்கிலீஷில் பேசப் பேச, எழுதித் தரச் சொல்லாமல் கேட்டு, அங்கேயே பதிலும் சொன்னேன். ஆபீஸில் யாருக்கும் இது ஒரு விஷயமே இல்லை. உனக்குத்தான் தெரியும்.

பிளஸ் டூவில் வெள்ளிக்கிழமை ஆனால் இங்கிலீஷ் மிஸ் டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? கேசட்டைக் கேட்டுப் பத்துக் கேள்வி, ஒரு பக்கத்தைப் படித்துப் பத்துக் கேள்வி. ரேடியோவில் இங்கிலீஷ் கிரிக்கெட் கமெண்ட்ரி கேட்டே வளர்ந்தவன் நீ. எந்த வேகமும் உன் காதுக்குப் பிடிபடும், படிக்கச் சொன்னால் திணறுவாய். நான் எதையும் படித்துவிடுவேன், காதில் விழுந்தால் ஒன்றும் புரியாது. நீ ஒரே நிமிஷத்தில் திட்டம் போட்டாய்.

"மச்சான், கேக்கறது என் டூட்டி, படிக்கறது உன் டூட்டி. இதுல இன்னா பேஜாரு கீது?"

ஒரே பெஞ்ச். வாரா வாரம் இருபதுக்கு இருபது. ஒரு வெள்ளிக்கிழமை மிஸ் நம்மை ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார். உனக்கும் பத்து, எனக்கும் பத்து.

"ரெண்டு பேரையும் ஒட்டினாதான் ஒரு பையன் வர்றான். பாதிப் பையனுக்கு யாருடா வேலை குடுப்பா?"

"ரெண்டு பேரையும் சேர்த்தே எடுத்துக்கச் சொல்லுவோம் மிஸ்!" என்றாய். வகுப்பே சிரித்தது. நான் மட்டும் அதை நிஜமாகவே நம்பினேன். ஒரே கம்பெனி, ஒரே டீம், அதே பாதிப் பாதி.

காலேஜ் இரண்டாம் வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை. மூன்றே வாரத்தில் போய்விட்டாய். அதைப் பற்றி எழுத எனக்கு வராது, விடு.

சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. தினமும் மதியம் மூன்று மணிக்கு லண்டனிலிருந்து மார்க் என்ற கஸ்டமர் போனில் வருவார். அவர் வாயைத் திறந்தால் எனக்கு மிக்ஸி ஓடுவது போல இருக்கும். ஒவ்வொரு முறையும், "ப்ளீஸ், மெயில் அனுப்புங்கள்" என்பேன். மெயில் வந்துவிட்டால் நான் ராஜா. எங்கள் டீம் லீட் சுதா பொறுத்துப் பார்த்தார். இரண்டு மாதம் முன்னால் சொல்லிவிட்டார்.

"குமார், கோட் நல்லா எழுதற. ஆனா கஸ்டமர் கால நீயே ஹேண்டில் பண்ணலன்னா உன்னை இந்த டீம்ல வெச்சுக்க மாட்டாங்க. ரெண்டு மாசம் டைம். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாதுப்பா."

அந்த ஞாயிறு கீழ்க்கட்டளைக்கு உன் வீட்டுக்குப் போய், காதைப் பழக்க நீ பதிவு செய்து வைத்த கமெண்ட்ரி கேசட்டுகளைத் தரச் சொல்லிக் கேட்டேன். "எட்த்துகினு போப்பா. எந்நேரமும் அத்ததான் கேட்டுகினு இருப்பான்" என்று உன் அம்மா பையோடு கொடுத்தார்கள்.

கமெண்ட்ரி ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு கேசட்டில் மட்டும் கமெண்ட்ரி இல்லை. நீ இருந்தாய். இங்கிலீஷ் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு! தடுக்கி, உன்னையே திட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து. நடுவில் ஒரு இடத்தில்:

"டேய் குமாரு, இத்த கேட்டு சிரிக்காத. மிஸ் சொன்னது கரெக்டுடா. உன் பாதிய நான் கத்துக்கறேன். என் பாதிய நீ கத்துக்க, இன்னா?"

எப்போதடா பேசி வைத்தாய்? ஏன் கொடுக்கவே இல்லை? இன்னும் கொஞ்சம் நன்றாகப் படித்த பிறகு கொடுக்கலாம் என்றிருந்தாயா? முதலில் உன்மேல் கோபம் வந்தது. அப்புறம் என்மேல். நீ என் பாதியோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய்; நான் உன் பாதியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தாம்பரத்திலிருந்து சிறுசேரி வரை கம்பெனி பஸ்ஸில் தினமும் வாக்மேனில் உன் குரல்தான். காதால் கேட்டு எனக்குப் புரிந்த முதல் இங்கிலீஷ் உன்னுடையது. அப்புறம் ரேடியோ செய்தி. காதில் விழுந்ததை எழுதி வைத்து, மறுநாள் பேப்பரோடு ஒப்பிடுவேன். கடைசியாக உன் கமெண்ட்ரி.

இன்றைக்கு மூன்று மணி. மார்க்கின் ரிப்போர்ட் பாதியில் நின்றுவிடுகிறது. அதை மெயிலில் ஏற்கெனவே எழுதியிருந்தார். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டும் காரணம் கிடைக்கவில்லை. இன்று பேச்சுவாக்கில், "பன்னிரண்டாம் தேதி வரை பிரச்சினை இல்லை" என்றார். மெயிலில் இல்லாத வரி மச்சான்! சட்டென்று பொறி தட்டியது. அவர்கள் தேதியை முன்னால், மாதத்தைப் பின்னால் எழுதுகிறார்கள். எங்கள் புரோகிராம் முதல் எண்ணை மாதம் என்று எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு வரை ஏமாறும். பதின்மூன்றாவது மாதத்துக்கு எங்கே போகும்? அங்கேயே சொன்னேன். பத்து நிமிஷத்தில் சரி செய்தேன்.

மார்க் சிரித்தார். "இன்றைக்கு மெயில் வேண்டாமா?" என்றார். அந்தக் கிண்டலும் புரிந்ததுடா! வேண்டாம் என்றேன்.

சுதா மேஜையைத் தட்டி, "நீ எங்கயும் போகல. உக்காரு" என்றார்.

உன் கேசட்டின் மறுபக்கம் காலியாக இருக்கிறது. வருகிற ஞாயிறு உன் வீட்டில், உன் டேப்ரிக்கார்டரில், இதையெல்லாம் இங்கிலீஷிலேயே சொல்லிப் பதிவு செய்யப் போகிறேன். தடுக்கினாலும் நிறுத்த மாட்டேன். நீ நிறுத்தவில்லையே. சிரிக்காதே.

உன் பாதியையும் கற்றுக்கொண்ட மச்சான்,
குமார்