இல்லாத பெரியம்மாவுக்கு வீடு

அன்புள்ள வாயாடிக்கு,

பக்கத்து முக்காலிக்காரி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. வந்த இரண்டு கடிதமும் உன் அக்கா கையெழுத்து. இரண்டிலும் நன்றாக இருக்கிறாள் என்று ஒரே வரி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் என் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டே ஒரு வருஷமாக உன் பெரியம்மா கதையைச் சொன்னாயே. புருஷன் காணாமல் போனது, மாமியாரோடு அல்லாடியது எல்லாம் சொல்லி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நினைப்பிலேயே, இரண்டு பக்கமும் இடது கைத்துணியையே வைத்துத் தைத்த சட்டைகளைச் சரி என்று அனுப்பி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பொறுக்காமல் உன் தம்பியைத் தேடிப் போனேன். பெரியம்மாவுக்கென்று நம் மேஜைக்காரிகள் ஐந்து பேர் அலைந்து பிடித்த வாடகை வீட்டு விலாசத்தை நீட்டினேன். அவன் திருதிருவென்று விழித்தான்.

"எங்களுக்குப் பெரியம்மாவே கிடையாதுக்கா. அது அவ படிச்ச நாவல்" என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தான். என் மானம் போயிற்று, கள்ளி.

வீசி எறியத்தான் நினைத்தேன். எட்டாம் வகுப்போடு புத்தகத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பத்தாம் பக்கத்திலேயே அழுதேன். அவள் தனியாக இருக்கும்போது என்னென்ன நினைத்தாள் என்பதை உன் வாயால்கூடச் சொல்ல முடியவில்லையடி. அது படித்தால்தான் கிடைக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் படிக்கிறேன். எந்தப் பரீட்சைக்கு என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். இப்போது இரண்டாவது நாவல். இவ்வளவு சந்தோஷம் இருப்பது தெரியாமலே நாற்பது வயதை ஓட்டிவிட்டேனே என்று ஆத்திரமாக வருகிறது.

நேற்று முதல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீங்களே வெச்சுக்குங்கக்கா, அவளுக்கு இனிமே வேண்டாமாம்" என்றான் உன் தம்பி. முகத்தைத் திருப்பிக்கொண்டான். புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறுகிறேன். தடுக்கித் தடுக்கித்தான் வாசிப்பேன், சிரிக்காதே.

இதை அவளுக்கு வாசித்துக் காட்டும் அக்காவுக்கு ஒரு வார்த்தை. அவள் என்ன சொன்னாலும் சரி, வராதே என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள்,
முக்காலிக்காரி