அம்மா விம்மிய இடம்

டோக்காட், மே 9

நாடறிந்த பாடகியும் நாளதுவரை ஒரு தட்டுக்கூடக் கழுவாதவளுமான மெலிகே அக்காவுக்கு,

உன் ஃபோனை எடுக்கிற ஆள் "மேடம் பிஸி" என்கிறார். தபால்காரர் அப்படிச் சொல்லமாட்டார் என்று இந்தக் கடிதம்.

பழைய மருதாணிப் பாட்டை நீ புதிதாகப் பாடியதுதான் இப்போது மினிபஸ்ஸிலும் பேக்கரியிலும். நேற்று எதிர்வீட்டு நெஸ்லிக்கு மருதாணி வைத்தபோதும் அதுதான். மணப்பெண்ணை அழவைக்கிற பாட்டுக்கு அத்தனை பேரும் ஆடினார்கள். நடுவில் தாளம்போல ஒரு விம்மல் திரும்பத் திரும்ப வருகிறதே, அதற்குக் கைதட்டல். அம்மாவும் தட்டினாள், மூன்றாவது விம்மல் வரை.

"ஃபெராய், இது என் குரல்தானேடி?"

உன் மருதாணிச் சடங்கு ஞாபகமிருக்கிறதா? மணப்பெண் மூடிய கையைச் சுலபத்தில் திறக்காமல் பிகு பண்ண வேண்டும், நீயோ மாமியார் தங்கக் காசை நீட்டியதுமே விரித்துவிட்டாய். அழவும் இல்லை. உன்னை அழவைக்கப் பாடிய அம்மாதான் பாதியில் உடைந்தாள். கேலி செய்யத்தான் நான் பதிவு செய்தேன். "ஊர் ஞாபகம் வந்தா கேட்டுக்கறேன், நமக்குள்ளயே இருக்கட்டும்டி" என்று நீ கெஞ்சியதால் அனுப்பினேன்.

ஃபோன் பிடித்தவள் நான் என்பதால் அம்மா என்னோடு பேசுவதில்லை. உண்மையைச் சொல்லிவிடு அக்கா.

உன் வால்,
ஃபெராய்

இஸ்தான்புல், மே 17

செல்லக் குரங்கே,

அந்த விம்மல் இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்றார்கள். விளையாட்டாக நீயே இணையத்தில் போட்டதாகவும், எங்கள் ஆட்கள் தெரியாமல் எடுத்துவிட்டதாகவும் சொல்லிவிடேன். உன் குறும்பு அம்மாவுக்குப் பழகியதுதானே. நான் என்றால் தாங்கமாட்டாள். உறைக்குள் உனக்கு ஒரு தங்கக் காசு வைத்திருக்கிறேன்.

முத்தங்களுடன்,
மெலிகே

டோக்காட், மே 24

திருமதி மெலிகே அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன். வாக்கியத்தை முடிப்பதற்குள் அம்மா நம்பிவிட்டாள். எத்தனை புளுகு புளுகியிருக்கிறேன், எதையும் இவ்வளவு சுலபமாக அவள் நம்பியதில்லை.

"நல்லவேளை, பெரியவ இல்ல" என்றாள். கழற்றி வைத்திருந்த உங்கள் படத்தைத் துடைத்து மறுபடி மாட்டினாள். இனி நான் உண்மையைச் சொல்ல முடியாது.

காசு கிடைத்தது. உங்களைப்போல எனக்குக் கை விரியவில்லை. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஃபெராய்