ஞாயிற்றுக்கிழமையின் அரை டம்ளர்

வாய் மூடியிருந்தது போதும், அக்கா. இன்று காலை மண்டபம் ஊரில் பஸ்ஸுக்கு நின்றபோது பதநீர் வாங்கிக் குடித்தேன். சுண்ணாம்பு போதாமல் லேசாகப் புளித்திருந்தது. அந்தக் கள் வாடை ஏறியதும் நீ பக்கத்தில் நிற்பது போலிருந்தது. அந்நேரம் பார்த்து உங்கள் தெருக்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"ஒங்க அக்காவச் சொல்லித்தான் ஒங்க மச்சான் ஊருக்கே புத்தி சொல்றாரு. கோயில் வாசல்ல நின்னு, 'எம் பொண்டாட்டியக் கள்ளுதான் கொன்னுச்சு'ங்கிறாரு."

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் உன் இடது மார்பை எடுத்து, ரேடியம் வைத்து, ஒருவழியாக வீட்டுக்குப் போகச் சொன்ன நாள். மச்சான் வரவில்லை. மீன் நன்றாகப் படுகிறது, கடலை விட்டு வரமுடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார். நான் அதை மறக்கவில்லை. டாக்டர் எல்லாம் சொல்லி முடித்ததும் நீ கேட்டாய்: "கள்ளு குடிக்கலாங்களா?"

எனக்குக் கூசிப்போயிற்று. டாக்டர் சிரித்துவிட்டார். "கூடாதுன்னு சர்க்கார் சொல்லுதும்மா. என்னைக் கேட்டா, குடிக்காம இருக்கிறதே நல்லது. இந்த நோய்க்கு அது எவ்வளவு கெடுதல்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. விடவே முடியலைன்னா கொஞ்சமா, எப்பவாவது."

ரயிலில் நீ சொன்னாய்: "ஏலே, மாருல ஒண்ணத்தான் எடுத்தாக. நாக்க எடுக்கலல்ல." எதிரே இருந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அளவை நீயே வைத்துக்கொண்டாய். ஞாயிறு பூசை முடிந்து, மீன் குழம்போடு அரை டம்ளர். உனக்காகப் பனையேறி ஒரு கலயத்தை மட்டும், புளித்துக் கள்ளாகட்டும் என்று சுண்ணாம்பு தடவாமல் கட்டுவான். கிறிஸ்துமஸ் அன்று நான் இன்னும் கொஞ்சம் ஊற்றப் போனேன். "கைய எடுலே" என்று டம்ளரை மூடிக்கொண்டாய்.

மச்சானோ கடலுக்குப் போகாத நாளெல்லாம் சாராயத்தில் கிடந்தவர். அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தார். "நோயாளிப் பொம்பள குடிக்கிறா, நீங்களே கேளுங்க சாமி."

நீ எதையும் ஒளிக்கவில்லை. அவர்கள் முன்னாலேயே அரை டம்ளர் ஊற்றி, அவசரமில்லாமல் குடித்தாய். பிறகு கலயத்தை மச்சானிடம் நீட்டினாய். "இந்தாங்க. நீங்களும் அரை டம்ளரோட நிறுத்திக் காட்டுங்க. நாளையிலருந்து நான் தொடல."

சாமியார் மச்சானைப் பார்த்தார். மச்சான், வலை வெயிலில் கிடக்கிறது என்று வெளியே போய்விட்டார்.

நோய் திரும்பி வந்தது. எதனால் என்று டாக்டருக்குத் தெரியவில்லை. மச்சானுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. "அவரோட சண்டைக்குப் போகாத. நான் இருக்கிற வரைக்கும் பொறுத்துக்க" என்றாய். நீ போன பிறகும் பொறுத்தேன். அவர் மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் நினைக்கவுமில்லை. ஆனால் என்னிடம் மிஞ்சியது கோபம் மட்டுமல்ல. தன் வாய்க்குத் தானே அளவு வைத்து, அதை நாலு பேர் முன்னால் தலை குனியாமல் காட்டிய ஒருத்தியின் தம்பி நான். அந்தப் பெயரை அவர் கையில் விட்டுவைக்க மாட்டேன்.

இதை உன் பெயருக்கு, அந்த வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். மச்சானுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. யாரையாவது கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்வார். தெருவும் கேட்கும். எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாமல் போகாது. ஆனாலும் என் கையெழுத்து விழுந்தால் இது எனக்கும் அவருக்குமான பழைய சண்டையாகிவிடும். இது உன் வழக்கு, அக்கா. பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.