ஏழு பத்து வண்டிக்கு ஆள் சேர்த்த வாரம்

ஜூலை 2, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு அவமானமாக இருந்தாலும் ஒரு வரியையும் அடிக்கமாட்டேன்.

முதல் உண்மை: காலை ஏழு பத்து ரயில் எங்கள் ஸ்டேஷனில் நிற்பதை எடுத்துவிடப் போகிறார்களாம். அதற்கு முன் ஆறு நாள் ஆள் எண்ணுவார்கள். மொத்தம் நூற்றைம்பது பேர் ஏறியிருந்தால் வண்டி தொடர்ந்து நிற்கும். தினமும் ஏறுவதோ, என்னையும் சேர்த்து, ஒன்பது பேர்.

வண்டி நிற்காவிட்டால் என்னைப் பக்கத்துப் பள்ளியில் போடுவதாக அப்பா சொல்லிவிட்டார். அங்கே நூலகம் என்பது ஒரு அலமாரி. அதற்கும் சாவி தொலைந்துவிட்டது.

ஜூலை 3, திங்கள்

எண்ணுபவர் மொபெட்டில் வந்தார். ஆளுக்கு ஒரு கோடு. 'கோட்டு மாமா' என்று மனதுக்குள் பெயர் வைத்தேன். ஒன்பது கோடு போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்.

மாலையில் அத்தையிடம் போய் அழுதேன். பாதி நிஜ அழுகை. சரி, கால்வாசி.

ஜூலை 4, செவ்வாய்

முப்பத்தொன்று! அத்தை தெருவையே திரட்டிவிட்டாள். தையற்காரர், சலவைக்கடைக்காரர், தட்டச்சு வகுப்பு முழுவதும். அடுத்த ஸ்டேஷன் வரை டிக்கெட், இறங்கியதும் அடுத்த வண்டியில் திரும்புவது என்று ஏற்பாடு. அடுத்த வண்டி மாலையில்தான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மறந்தேனா? இல்லை. சொல்லவில்லை.

நான்கு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார்கள். "நீ படிச்சுப் பெரியாளா ஆகுறதுக்குள்ள என் முட்டி கழண்டுடும்டி" என்றாள் அத்தை.

ஏறியது நிஜம். டிக்கெட் நிஜம். பொய் எங்கே இருக்கிறது? தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 5, புதன்

பதினொன்று. தெருவில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் பழைய ஒன்பது பேரோடு இன்று ஏறிய இருவர் யார் தெரியுமா? அத்தையும் தையற்காரரும். நேற்று நடந்தபோது அத்தை அங்கே ஒரு காய்கறிச் சந்தையையும், அவர் ஒரு பொத்தான் கடையையும் பார்த்து வைத்தார்களாம். மாலை வண்டியில் திரும்பி, வாங்கியதைத் தெருவுக்கே பரப்பிக் காட்டினார்கள். முட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஜூலை 6, வியாழன்

முப்பத்துநான்கு. நான் யாரையும் கூப்பிடவில்லை. சத்தியமாக.

ஜூலை 7, வெள்ளி

முப்பத்தைந்து. நாளை முப்பது வேண்டும். நாளை தட்டச்சு வகுப்புக்கு விடுமுறை. அந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

ஜூலை 8, சனி

இருபத்தொன்பது.

பெட்டி வாசலில் நின்று மூன்று முறை எண்ணினேன். கார்டு விசில் ஊதிவிட்டார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது, முழுசாக.

கோட்டு மாமா நாற்காலியை மடக்கினார். என்னைப் பார்த்தார். மொபெட்டைப் பார்த்தார். பிறகு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். ஏறிய பிறகுதான் அந்தக் கோட்டைப் போட்டார்.

"மாமா, நீங்க எப்படி..." என்றேன்.

"எண்ணுறவன் ஏறக்கூடாதுன்னு எங்கயும் போடல பாப்பா. டிக்கெட்டும் காலையிலயே எடுத்துட்டேன்" என்றார். அத்தை நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 9, புதன்

இன்றும் ஏழு பத்தில் பள்ளி வரை நின்றுகொண்டே போனேன். புத்தகத்தைத் தையற்காரர் மூட்டைமேல் வைத்துப் படித்தேன். "வயசுப் பொண்ணு, நில்லேன்டி" என்கிறாள் அத்தை, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு. உட்கார இடம் வேண்டுமென்றால் நாளை ஆறரைக்கே ஸ்டேஷனில் இருக்க வேண்டும். அதனால் இப்போதே படு என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டா